செரோக்கி மக்களின் வெளியேற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வரலாறு சொல்லிக்கொடுப்பது என் வேலை. 1838இல் செரோக்கி மக்கள் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட பகுதி வந்ததும், ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் முரட்டுத்தனமானவை. அவற்றை நான் மெருகேற்றவில்லை.

செரோக்கி என்பது ஒரு ஜீப்பின் பெயர்தானே? அப்படி ஓர் இனம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. வண்டிக்குப் பெயர் வந்தது 1970களில். மக்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்கள். தெற்கு அப்பலாச்சிய மலைத்தொடர்தான் அவர்களுடைய தாயகம். இன்றைய வரைபடத்தில் ஜார்ஜியா, டென்னசி, வட கரோலினா, அலபாமா ஆகிய மாநிலங்கள் சந்திக்கும் மலைப்பகுதி அது. இப்போது அரசு அங்கீகாரம் பெற்ற செரோக்கி அமைப்புகள் மூன்று: ஓக்லஹோமாவில் செரோக்கி நேஷன், யுனைடெட் கீத்தூவா பேண்ட் என்று இரண்டு, வட கரோலினாவில் ஈஸ்டர்ன் பேண்ட். செரோக்கி நேஷனில் மட்டும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட குடிமக்கள் பதிவாகியிருக்கிறார்கள். எங்கள் பெயரைக் காரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அதன் முதன்மைத் தலைவர் சக் ஹாஸ்கின் 2021இல் வெளிப்படையாகவே கேட்டார்.

கண்ணீர்ப் பாதை என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?

விரட்டப்பட்ட செரோக்கிகள் மேற்கே போன வழி அது. ஒற்றைச் சாலை அன்று. டென்னசியிலிருந்தும் அலபாமாவிலிருந்தும் கிளம்பி இன்றைய ஓக்லஹோமாவின் வடகிழக்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்த பல தரைவழிகளுக்கும் ஓர் ஆற்றுவழிக்கும் சேர்த்து வழங்கும் பெயர். பெரும்பாலான அணிகள் நாஷ்வில், கென்டக்கி, இல்லினாயின் தென்முனை, மிசௌரி என்று வடக்கே சுற்றிக்கொண்டு போயின. 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். 1987இல் அமெரிக்க அரசு இந்த வழிகளைத் தேசிய வரலாற்றுத் தடமாக அறிவித்தது.

செரோக்கிகள் மட்டும் விரட்டப்பட்டதாக எண்ணிவிடக் கூடாது. சாக்டா, கிரீக், சிக்கசா, செமினோல் மக்களும் அதே பத்தாண்டில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் முதலில் கிளம்ப நேர்ந்தது சாக்டாக்களுக்கு.

காட்டில் வேட்டையாடித் திரிந்தவர்களை இன்னொரு காட்டுக்கு அனுப்பினார்கள். இதில் என்ன இவ்வளவு பெரிய சோகம்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். அன்றைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனும் ஏறக்குறைய இந்த வாதத்தைத்தான் வைத்தார். ஆகவே இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

1820களில் செரோக்கிகள் உழுது பயிரிட்டு, மாடும் பன்றியும் வளர்த்து, ஆலையும் படகுத்துறையும் நடத்தி வந்த மக்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத சீக்வோயா என்பவர் 1821 வாக்கில் தம் மொழிக்குத் தாமே ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். அசைக்கு ஒன்றாக எண்பத்தைந்து எழுத்துகள். சில ஆண்டுகளிலேயே அது வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. 1827இல் அரசியல் சாசனம் எழுதிக்கொண்டார்கள். 1828 பிப்ரவரியில் தலைநகர் நியூ எக்கோட்டாவிலிருந்து 'செரோக்கி ஃபீனிக்ஸ்' வெளிவரத் தொடங்கியது. ஆங்கிலமும் செரோக்கியும் பக்கத்தில் பக்கத்தில் அச்சான பத்திரிகை அது. ஆசிரியர் எலியாஸ் பூடினாட், மிஷனரிப் பள்ளியில் படித்த செரோக்கி இளைஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

இதையெல்லாம் செய்யச் சொன்னதே அமெரிக்க மத்திய அரசுதான். விவசாயம் செய்யுங்கள், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், எங்களைப் போல ஆட்சி அமையுங்கள் என்று ஜார்ஜ் வாஷிங்டன் காலத்திலிருந்தே உபதேசித்தார்கள். சொன்னபடி செய்து காட்டியதும் ஜார்ஜியா மாநிலம் பதறியது. சாசனமும் நீதிமன்றமும் வைத்துக்கொண்டவர்கள் அங்கேயே நிலைத்துவிடுவார்கள் அல்லவா? செரோக்கிகள் நாகரிகம் அடையவில்லை என்பது வெளியே சொன்ன குற்றச்சாட்டு. அடைந்துவிட்டார்கள் என்பதுதான் உள்ளூர இருந்த அச்சம் என்பது என் கணிப்பு.

தங்கம் கிடைத்ததால்தானே துரத்தினார்கள்?

தங்கம் அவசரத்தைக் கூட்டியது, அவ்வளவுதான். வேர் 1802இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜார்ஜியா தன் மேற்கு நிலப்பகுதிகளை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. பதிலுக்கு, ஜார்ஜியா எல்லைக்குள் பூர்வகுடிகளுக்குள்ள நில உரிமையை முடித்துத் தருவதாக மத்திய அரசு வாக்களித்தது. அதே மத்திய அரசு செரோக்கிகளிடமும் ஒப்பந்தங்கள் போட்டு, உங்கள் நிலம் உங்களுக்கே என்று உறுதி சொல்லியிருந்தது. ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு வாக்களித்த கதை.

பருத்தி விலை ஏறியது, நிலத்தின் மதிப்பும் ஏறியது. 1828-29இல் டலோனெகா பகுதியில் தங்கம் அகப்பட்டது. ஜார்ஜியா செரோக்கி நாட்டைத் தன் சட்டத்துக்கு உட்பட்டதாக அறிவித்து, வெள்ளையருக்கு எதிராக செரோக்கிகள் சாட்சி சொல்ல முடியாது என்றும் சட்டம் இயற்றியது. அதன்பின் வெள்ளைக்காரர் ஒருவர் உங்கள் மாட்டை ஓட்டிப்போனால் நீங்கள் வழக்குப் போட்டும் பயனில்லை. 1832இல் இன்னும் ஒரு படி மேலே போய், செரோக்கிகள் குடியிருந்த நிலத்தையே துண்டு போட்டுக் குலுக்கல் சீட்டில் வெள்ளையருக்கு வழங்கினார்கள். செரோக்கிகளின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் ஒரு முறை வாஷிங்டனிலிருந்து வீடு திரும்பியபோது, சீட்டு விழுந்தவர் அந்த வீட்டில் குடியேறியிருந்தார்.

எல்லாம் ஜாக்சன் என்ற ஒருவர் செய்த அநியாயம் என்று சொல்லலாமா?

சொல்வது எளிது, பலருக்கு வசதியும்கூட. 1814இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் கிரீக்குகளுக்கு எதிராக ஜாக்சனின் பக்கம் நின்று நூற்றுக்கணக்கான செரோக்கிகள் சண்டையிட்டார்கள். அந்த வெற்றி ஜாக்சனைப் பெரிய ஆளாக்கியது. அதே மனிதர் 1830 மே 28 அன்று பூர்வகுடிகளை அகற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார் என்பதை செரோக்கிகள் மறக்கவில்லை.

ஆனால் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது நாடாளுமன்றமான காங்கிரஸ். பிரதிநிதிகள் அவையில் மயிரிழையில்தான் தப்பியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியைச் சேர்ந்த டேவி கிராக்கெட்டும் ஒருவர். நிலத்தைக் கூறுபோட்டது ஜார்ஜியா. படையை அனுப்பியபோது அதிபராக இருந்தவர் ஜாக்சன் அல்லர், மார்ட்டின் வான் பியூரன். குலுக்கல் சீட்டு வாங்கிய ஆயிரமாயிரம் சாதாரண மக்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே?

போனார்கள். போய், வென்றும் காட்டினார்கள். முதல் வழக்கு 1831இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில். செரோக்கிகள் அயல்நாடு அல்ல, உள்நாட்டிலேயே சார்ந்து நிற்கும் ஒரு தேசம், ஆகவே நேரடியாக இங்கே வழக்குத் தொடுக்க முடியாது என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் திருப்பி அனுப்பினார்.

இரண்டாவது வழக்கு வேறு வாசல் வழியாக வந்தது. செரோக்கி நாட்டில் தங்க வேண்டுமானால் வெள்ளையர்கள் ஜார்ஜியாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்து அனுமதிச்சீட்டு பெற வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. சாமுவேல் வூஸ்டர் என்ற மிஷனரி மறுத்தார். அவருக்கும் உடன் மறுத்தவர்களுக்கும் நான்கு ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. மன்னிப்பு பெற்று வெளியே போகலாம் என்றதும் மற்றவர்கள் போய்விட, வூஸ்டரும் எலைசர் பட்லர் என்ற மருத்துவரும் சிறையிலேயே இருந்தார்கள். 1832 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே ஜாக்சன் தூக்கி எறிந்தாராமே? 'மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே நிறைவேற்றட்டும்' என்றாராமே?

அந்த வசனம் ஜாக்சன் வாயிலிருந்து வந்ததற்கு உறுதியான சான்று இல்லை. பல ஆண்டுகள் கழித்து அச்சில் வந்தது. அவருடைய மனநிலைக்கு அது பொருந்துகிறது என்பதால் பாடநூல்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

நடந்தது இன்னும் சப்பென்ற விஷயம். வூஸ்டரை விடுவிக்கும்படி ஜார்ஜியாவுக்குச் சொல்வதோடு தீர்ப்பு நின்றது. ஜாக்சன் எதையும் நேரடியாக மீற வேண்டிய தேவையே எழவில்லை. ஜார்ஜியா கண்டுகொள்ளவில்லை, மத்திய அரசு கட்டாயப்படுத்தவில்லை. அலுத்துப்போன வூஸ்டரும் பட்லரும் 1833 ஜனவரியில் ஆளுநரின் மன்னிப்பை ஏற்று வெளியே வந்தார்கள். வழக்கின் உயிர் அத்துடன் போயிற்று.

அவர்களே கையெழுத்துப் போட்டு, ஐம்பது லட்சம் டாலர் வாங்கிக்கொண்டுதானே நிலத்தைக் கொடுத்தார்கள்?

'அவர்கள்' யார் என்பதுதான் விவகாரம். 1835 டிசம்பர் 29 அன்று நியூ எக்கோட்டாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி மிஸிஸிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள செரோக்கி நிலம் முழுவதும் ஐம்பது லட்சம் டாலருக்குக் கைமாறியது. கையெழுத்திட்டவர்கள் இருபது பேர் அளவில். முதன்மைத் தலைவர் ராஸ் கையெழுத்திடவில்லை. செரோக்கிகளின் தேசியப் பேரவை ஒப்புதல் தரவில்லை. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் கிழக்கே இருந்த செரோக்கிகள் 16,542 பேர்.

இது எங்கள் ஒப்பந்தம் அல்ல என்று பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு மனு போயிற்று. வீணாயிற்று. 1836 மேயில் செனட் அதை ஏற்றது. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. வெளியேற இரண்டு ஆண்டு கெடு, 1838 மே 23 வரை.

அப்படியானால் கையெழுத்துப் போட்டவர்கள் துரோகிகள்தானே?

செரோக்கிகளிடையே இன்றைக்கும் ஆறாத கேள்வி இது. கையெழுத்துக்குத் தலைமை தாங்கியவர்கள் மேஜர் ரிட்ஜ், அவர் மகன் ஜான் ரிட்ஜ், உறவினரான பூடினாட். மூன்றாவது பதிலில் பார்த்த அதே பத்திரிகை ஆசிரியர்தான். மூவரும் முதலில் வெளியேற்றத்தைக் கடுமையாக எதிர்த்தவர்கள். ஹார்ஸ்ஷூ பெண்டில் ஜாக்சனுக்காகப் போராடியவர்களில் மேஜர் ரிட்ஜும் ஒருவர்.

நீதிமன்றத்தில் வென்றும் பயன் இல்லை என்று கண்டதும் இவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. நிலம் எப்படியும் போகப்போகிறது, மக்களையாவது காப்பாற்றுவோம் என்பது இவர்கள் வாதம். இரு தரப்பு வாதங்களையும் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்றார் பூடினாட். பிளவு வெளியே தெரியக் கூடாது என்று ராஸ் தடுத்தார். பூடினாட் 1832இல் பொறுப்பிலிருந்து விலகினார். நிலைமையைக் கணித்ததில் ரிட்ஜ் தரப்பு தவறவில்லை என்பேன். ஆனால் கணிப்பு சரியாக இருப்பதும், பதினாறாயிரம் பேருக்காகக் கையெழுத்திடும் அதிகாரம் இருப்பதும் வேறு வேறு. அது இவர்களுக்கு இல்லை.

பேரவை அனுமதியின்றி நிலத்தை விற்றால் மரணம் என்பது செரோக்கி சட்டம். 1807இல் நிலம் விற்ற தலைவர் ஒருவரைக் கொன்றவர்களில் மேஜர் ரிட்ஜே ஒருவர் என்பதால், என்ன நேரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 1839 ஜூன் 22 அன்று, மேற்கே போய்ச் சேர்ந்த பிறகு, மூவரும் வெவ்வேறு இடங்களில் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். பூடினாட்டின் தம்பி ஸ்டாண்ட் வேட்டி தப்பினார். பழிக்குப் பழி பல ஆண்டுகள் நீண்டது.

வீடு வீடாகப் போய்ப் பிடித்தார்களா?

ஆம். முதலில் பொறுப்பிலிருந்த ஜெனரல் வூல் இந்த வேலை பிடிக்காமல் தன்னை விடுவிக்கச் சொன்னார். பிறகு வந்த வின்ஃபீல்ட் ஸ்காட்டிடம் சுமார் ஏழாயிரம் பேர் கொண்ட படை இருந்தது. கெடு முடிந்த சில நாளில், மே 26 அன்று, ஜார்ஜியாவில் தொடங்கினார்கள். மனிதாபிமானத்தோடு நடக்க வேண்டும் என்று ஸ்காட் உத்தரவு போட்டிருந்தார். உத்தரவு தாளில் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் துப்பாக்கி முனையில் எழுப்பிக் கொண்டுபோனார்கள். மக்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் வீடுகளில் கொள்ளை நடந்தது, வெள்ளி நகைக்காகக் கல்லறைகளையும் தோண்டினார்கள் என்று பின்னாளில் செரோக்கி முதியவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார் ஆய்வாளர் ஜேம்ஸ் மூனி.

முதலில் மரவேலிக் கொட்டடிகள், அடுத்து டென்னசியிலும் அலபாமாவிலும் பெரிய முகாம்கள். ஜூனில் சுமார் 2,800 பேரை மூன்று அணிகளாகப் படகில் ஏற்றி ராணுவம் அனுப்பியது. கோடையும் வறட்சியும் சேர்ந்து சாவு பெருகியதும், மீதிப் பேரை நாங்களே அழைத்துப் போகிறோம், வெயில் தணியட்டும் என்று ராஸ் தலைமையிலான பேரவை கேட்டு வாங்கியது.

4,000 பேர் பனியில் நடந்தே செத்தார்கள் என்பது சரியான கணக்கா?

அது மதிப்பீடு. மேலே சொன்ன சிறைவாசி பட்லர் மருத்துவராகவும் இருந்து இந்த வழியில் போனவர்; அவர் சொன்ன எண்ணிக்கையைத்தான் எல்லாரும் எடுத்தாள்கிறார்கள். அணித் தலைவர்களின் பதிவுகளில் இருப்பது மிகக் குறைவு, சில நூறுதான். அவர்கள் வழியில் இறந்தவர்களை மட்டும் எழுதினார்கள். மக்கள்தொகை ஆய்வாளர் ரஸ்ஸல் தார்ன்டன், பிறக்காமலே போன குழந்தைகளையும் கணக்கில் கொண்டு, மொத்த இழப்பு இதைப்போல் இரு மடங்கு வரை இருக்கலாம் என்றார்.

'நடந்தே செத்தார்கள்' என்பதில்தான் திருத்தம் தேவை. பெருமளவு சாவு நடந்தது நடக்கத் தொடங்கும் முன், கோடைக்கால முகாம்களில். வயிற்றுப்போக்கு, தட்டம்மை, கக்குவான் இருமல். போய்ச் சேர்ந்த முதல் ஆண்டிலும் பலர் மாண்டார்கள். பயணமும் லேசானதல்ல. அணிக்கு ஆயிரம் பேர் என்ற அளவில் பதின்மூன்று அணிகள், ஏறத்தாழ இருபது பேருக்கு ஒரு வண்டி; அதில் உணவும் மூட்டையும் போக, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும்தான் இடம். மிஸிஸிப்பி ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்ததால் பல அணிகள் கரையிலேயே கூடாரமடித்துக் காத்துக்கிடந்தன. கென்டக்கியில் ஹாப்கின்ஸ்வில்லில் இறந்த ஒயிட்பாத், ஃபிளை ஸ்மித் என்ற இரு தலைவர்களின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன.

எதிர்த்து ஒருவருமா சண்டை போடவில்லை?

செமினோல்கள் போட்டார்கள், ஃப்ளோரிடாவில் ஏழு ஆண்டு. செரோக்கிகள் மனு, வழக்கு, தூதுக்குழு என்ற வழியையே கடைசிவரை பிடித்திருந்தார்கள்.

வட கரோலினா மலைகளில் மட்டும் சிலர் ஒளிந்துகொண்டார்கள். சாலி என்ற முதியவரின் குடும்பத்தார் சிப்பாய்கள் இருவரைக் கொன்றுவிட்டுத் தப்பினார்கள். 1838 நவம்பரில் சாலி சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் அங்கேயே வாழட்டும் என்று அவர் தாமாகச் சரணடைந்தார் என்பது புகழ்பெற்ற கதை. ஆவணங்கள் சொல்வது வேறு: அவரைத் தேடிப் பிடித்ததில் செரோக்கிகளுக்கே பங்கு உண்டு. ஏற்கெனவே தனி நிலத்தில் குடியிருந்ததால் வெளியேற்றத்திலிருந்து தப்பிய ஓகோனலஃப்டி செரோக்கிகளும், ஒளிந்திருந்து மீண்டவர்களும் சேர்ந்ததுதான் இன்றைய ஈஸ்டர்ன் பேண்ட்.

செரோக்கிகளே கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். அவர்களுக்காக ஏன் கண்ணீர் விட வேண்டும்?

வைத்திருந்தார்கள். அதே 1835 கணக்கெடுப்பில் 1,592 அடிமைகள் பதிவாகியிருக்கிறார்கள். ராஸும் வைத்திருந்தார், ரிட்ஜும் வைத்திருந்தார். பெரும்பாலான செரோக்கிக் குடும்பங்களிடம் அடிமைகள் இல்லை என்பதும் உண்மை. அந்த அடிமைகளும் இதே பாதையில் போனார்கள். விறகு வெட்டி, வண்டியோட்டி, நோயாளிகளைச் சுமந்து. சாவுக் கணக்கில் அவர்களையும் சேர்க்காமல் விடுவது இரட்டை அநியாயம். கண்ணீர் விடுவதற்கு உரியவர்களின் பட்டியல் நீள்கிறதே தவிர, இதனால் குறையவில்லை.

1866 ஒப்பந்தம் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் அவர்கள் சந்ததிக்கும் செரோக்கிக் குடியுரிமை தந்தது. அதை நடைமுறையில் பெறப் பெரும் போராட்டம். 2017இல் மத்திய நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2021இல் செரோக்கி நேஷனின் உச்ச நீதிமன்றம் 'இரத்த உறவால்' என்ற நிபந்தனையைச் சாசனத்திலிருந்தே நீக்கியது.

தாய்மாரின் கண்ணீர் விழுந்த இடமெல்லாம் செரோக்கி ரோஜா பூத்தது என்கிறார்களே?

அழகான கதை. அந்தச் செடியின் பூர்வீகம் சீனா. ஜார்ஜியா 1916இல் அதைத் தன் மாநில மலராக்கிக்கொண்டது. யார் ஆக்கியது என்பதைக் கவனியுங்கள். ராஸின் மனைவி குவாட்டி தன் போர்வையை ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டுக் குளிரில் இறந்தார் என்பதும் இதே ரகம். 1839 பிப்ரவரியில் லிட்டில் ராக்கில் அவர் இறந்தது உண்மை. போர்வைக்குத்தான் ஆதாரம் இல்லை.

பிறகு யாராவது மன்னிப்பு கேட்டார்களா?

1992இல் ஜார்ஜியா ஒரு மன்னிப்பு வழங்கியது. கேட்கவில்லை, வழங்கியது: 160 ஆண்டுகளுக்கு முன் தண்டிக்கப்பட்ட வூஸ்டருக்கும் பட்லருக்கும். 2009இல் பூர்வகுடிகள் அனைவரிடமும் வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் ஒன்றில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். பாதுகாப்புத் துறைச் செலவு மசோதாவின் நடுவில் அது செருகப்பட்டிருந்தது. விழா எதுவும் கிடையாது.

அந்தக் கள்ள ஒப்பந்தம் இன்றைக்குச் செல்லுமா?

செல்லும் என்று வாதாடுவது இப்போது செரோக்கி நேஷன்தான். 1835 நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, பிரதிநிதிகள் அவையில் செரோக்கிகளுக்கு ஒரு பிரதிநிதி உண்டு என்கிறது. ராஸ் செல்லாது என்று எதிர்த்த அதே தாள்; ஆனால் அதை வைத்துத்தான் நிலத்தை எடுத்துக்கொண்டீர்கள், நீங்கள் தர வேண்டியதையும் தாருங்கள் என்கிறார்கள். எனக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

2019இல் ஹாஸ்கின் இந்த இடத்துக்கு கிம்பர்லி டீஹியை நியமித்தார். 2022 நவம்பரில் அவையின் குழு ஒன்று விசாரித்தது. 'காங்கிரஸ் அதற்கு வழிவகை செய்யும்போது' என்று அந்தப் பிரிவில் ஒரு வால் இருக்கிறது. விவாதம் அதில் தொங்குகிறது. போதாததற்கு, ஒப்பந்தத்தின் வாரிசுகள் நாங்களும்தான் என்று யுனைடெட் கீத்தூவா பேண்டும் உரிமை கோருகிறது.